மகளின் லேப்டாப் ஏன் திணறியது

ஊரிலிருந்து யாராவது போனில் என் வேலையைப் பற்றிக் கேட்டால், "கேம் கம்பெனியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவேன். நான் ஏதோ கேம் செய்கிறேன் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் என் வேலை, கேம் ஓடும்போது பக்கத்துத் திரையில் இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஒன்று மெமரி, இன்னொன்று பிராசஸர். மெமரி என்பது சமையல் மேடை மாதிரி. ஒரே நேரத்தில் எத்தனை பாத்திரத்தைப் பரப்பலாம் என்பது அதன் அகலத்தைப் பொறுத்தது. பிராசஸர்தான் சமைக்கிற ஆள். மேடையில் இடம் இல்லாமல் போனாலோ, ஆளுக்கு மூச்சு வாங்கினாலோ கேம் விக்கும், திணறும், சில சமயம் அப்படியே நின்றுவிடும். எங்கே திணறியது, எதனால் திணறியது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஸ்டுடியோ நியூசிலாந்தில், ஏவன்டேல் என்கிற புறநகரில், ரயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கார்ப்பெட் கடையின் மாடியில் இருக்கிறது. சின்ன இடம், கொஞ்சம் பேர். எங்கள் கேமில் ஒரு சரக்குப் படகு தீவு தீவாகப் போய்ச் சாமான் இறக்கும். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, மழை மட்டும் உண்டு. அந்த மழையை எழுதியவர் என் பக்கத்து மேசைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர். மழை வந்தால் பிராசஸர் கோடு விறுவிறுவென்று ஏறும். நான் அவர் பக்கம் திரும்புவேன். "ஓம், தெரியும், குறைக்கிறன்" என்பார். நாங்கள் இரண்டு தமிழர்கள் ஒரு நாளில் பேசிக்கொள்வது பெரும்பாலும் அவ்வளவுதான்.

கேம் முடிகிற நிலைக்கு வந்ததும் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்கிற ஆகப் பழைய, ஆக மெதுவான கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கூடவே ஆளுக்கொரு தட்டில் ஏதாவது தின்பண்டம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். ஒவ்வொரு மெஷினாக மீட்டிங் அறையில் வைத்து கேமை ஓட்டுவோம். என் கண்காணிப்புத் திரை அன்றைக்கு மட்டும் சுவரில் பெரிதாகத் தெரியும். எந்த மெஷின் ரொம்பத் திணறுகிறதோ அதன் சொந்தக்காரருக்கு ஒரு சாக்லேட் பெட்டி. வருஷம் முழுக்க மூலையில் உட்கார்ந்திருக்கிற நான் அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசுவேன். அதற்காகவே அந்த நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை என் மகள் தன் லேப்டாப்பைக் கொண்டுவருவதாகச் சொன்னாள். அதற்குப் பின்னால் எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது.

அவளுக்குப் பதினாறு வயது. பள்ளி வேலைக்கென்று வாங்கிக் கொடுத்த லேப்டாப் ஒரு வருஷத்துக்கு மேலாகவே படுத்தி எடுக்கிறது. திறந்தால் எழுந்திருக்கவே நேரமாகும். கட்டுரை அடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வரும். வெஸ்ட்கேட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து லேப்டாப் கடைக்குள் இழுப்பாள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீ பிரவுசர்ல ஊர்ல இருக்கிற டேப்பெல்லாம் திறந்து வெச்சா அது என்ன பண்ணும்? முதல்ல மூடக் கத்துக்க." நான் அந்தத் துறைக்காரன் என்பதால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கடைசியில் அவள்தான் சொன்னாள்: உங்கள் ஆபீஸ் நாளில் உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள், டேப்தான் காரணம் என்றால் இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன், இல்லையென்றால் புதிது வாங்கித் தர வேண்டும். "சரி, வா" என்றேன். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு.

பத்து வயதில் இங்கே வந்தவள் அவள். தமிழ் நன்றாகவே வரும். ஆனால் கோபம், கூச்சம், சந்தோஷம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அன்றைக்கு அவள் பேசியதில் பாதிக்கு மேல் ஆங்கிலம். நான் இங்கே தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. என் மனைவி நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள், காலையிலேயே உளுந்து வடை சுட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஸ்டுடியோவில் மகளைச் சுற்றி ஒரே உபசரிப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், "வாங்கோ பிள்ளை, அப்பா உங்களைப் பற்றித்தான் எந்நேரமும் கதைக்கிறவர்" என்றார். நான் எந்நேரமும் கதைக்கிறவன் இல்லை, மரியாதைக்குச் சொன்னார். மகள் அதை நம்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் முறை வந்தது. லேப்டாப்பை மேசையில் வைத்து, கேமைத் துவக்கி, என் கருவியை இணைத்தேன். படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே இல்லை. தண்ணீர் தட்டுத் தட்டாக நகர்ந்தது. மழை ஆரம்பித்ததும் படம் சுத்தமாக நின்றுவிட்டது. அறையில் சிரிப்பு. "சாக்லேட் இங்கேதான்" என்று யாரோ கத்தினார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். என் கருவியில் ஒரு அட்டவணை உண்டு. மெஷினில் அந்த நேரத்தில் ஓடுகிற எல்லா புரோகிராமும் அதில் வரும். அதிகம் தின்கிறது எதுவோ அது மேலே. எனக்கும் என் மகளுக்கும் ஒரு பந்தயம் என்று எல்லோருக்கும் சொன்னேன். "இப்போது பாருங்கள், கேமுக்கு மேலே பிரவுசர் உட்கார்ந்திருக்கும், திறந்து மறந்த டேப் எல்லாம் அதில் இருக்கும்" என்று பெரிய மனுஷன் தோரணையில் கையை நீட்டி, அட்டவணையைத் திரைக்குக் கொண்டுவந்தேன்.

பிரவுசர் எங்கோ கீழே கிடந்தது. ஒரே ஒரு டேப். கேம் இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரியில், பாதி மெமரியையும் பிராசஸரில் பெரும் பங்கையும் தின்றுகொண்டு வேறு ஒன்று. அதன் பெயரில் குடும்பம், காவல் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதை அங்கே போட்டவன் நான்.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன், என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்த வேலை ஆள்குறைப்பில் போய்விட்டது. சென்னையில் நூற்றுக்கணக்கான சர்வர்களைக் கண்காணிக்கிற குழுவுக்குத் தலைவனாக இருந்தவன் நான். இங்கே மாசி என்கிற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் காலையில் மனைவியை அனுப்பிவிட்டு, மகளை அனுப்பிவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, ஜன்னல் வழியே அடுத்த வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ இடத்துக்கு அப்ளை பண்ணினேன். பாதி இடத்திலிருந்து பதிலே வராது. மனைவி சம்பளத்தில் வீடு ஓடியது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை, அதனாலேயே எனக்கு எரிச்சல் வரும்.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஒரு புதுப் பழக்கம் பிடித்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிடுவாள். எனக்குள் என்னென்னவோ ஓடியது. தமிழ்ப் பள்ளி கார் பார்க்கில் இன்னொரு அப்பா, "பொண்ணு வெச்சிருக்கோம், நாமதான் சார் பாத்துக்கணும்" என்று இந்த புரோகிராமைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது, என்ன தேடுகிறது என்று எல்லாவற்றையும் படம் பிடித்துச் சேர்த்து, வாரா வாரம் அப்பாவுக்கு மெயில் அனுப்பிவிடும். பிள்ளைக்குத் தெரியாது. மகள் நெட்பால் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் அதைப் போட்டுவிட்டேன். வேலை போனவனுக்குக் கண்காணிக்க அந்த ஒரு மெஷின்தான் மிச்சம் இருந்தது.

முதல் மெயிலில் பாடம், பாட்டு, முகப்பருவுக்கு என்ன தடவுவது. படித்தபோதே என் மேல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அடுத்தடுத்து வந்ததில், அவள் தேடியிருந்தது இது: ஐம்பது வயதில் நியூசிலாந்தில் ஐடி வேலை கிடைக்குமா. அப்பாவுக்கு வேலை இல்லையென்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா. அப்பா சோகமாக இருந்தால் பிள்ளை என்ன செய்ய வேண்டும். எந்தப் பையனையாவது பார்க்கப்போகிறேன் என்று வேலி எட்டிப் பார்த்தவன் நான். பார்த்தது என்னையே. அவள் ஏன் லேப்டாப்பை மூடினாள் என்பதும் புரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதற்கு அடுத்த மெயிலில் ஒரு வேலை விளம்பரம் இருந்தது. கேம் டெஸ்டர், மெமரியும் பிராசஸரும் கண்காணிக்கத் தெரிந்தவர் வேண்டும், ஏவன்டேல். அந்தப் பக்கத்தை அவள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருந்தாள். நான் அந்த மெயிலிலிருந்தே விளம்பரத்துக்குப் போய் அப்ளை பண்ணினேன். சாயங்காலம் சாப்பிடும்போது, "ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுது, போட்டிருக்கேன்" என்றேன், என்னவோ நானே தேடிக் கண்டெடுத்த மாதிரி. என்ன வேலை என்று சொன்னதும் மகள் ஸ்பூனைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த மெயில்களை நான் திறக்கவில்லை. தானாக ஒரு மூலைக்குப் போகிற மாதிரி செய்துவிட்டேன். புரோகிராமை எடுத்துவிட வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. நினைக்கும்போதே கூசும், தள்ளிப்போடுவேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மறந்தே போனேன். அது மறக்கவில்லை. யாரும் பார்க்காத படங்களை எடுத்து எடுத்துக் குவித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவள் கட்டுரைக்கும் கணக்குக்கும் இடம் விடாமல். நான் டேப்பை மூடு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எனக்குள் ஓடி முடிவதற்குள் ஸ்டுடியோவை நடத்துகிற பெண்மணி, "அது என்ன, எங்கள் கேமைவிட அதிகம் தின்கிறதே?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பெயரைப் படிக்கத் தெரிந்த யாருக்கும் அது என்ன மாதிரி சாமான் என்று புரியும். யாழ்ப்பாணத்துக்காரர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"அது என்னுது" என்றாள் மகள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "பரீட்சை சமயத்துல வீடியோ பார்க்காம இருக்கறதுக்கு நானே போட்டுக்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. எடுக்க மறந்துட்டேன்." குரல் தெளிவாக இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு கூட இருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர் உடனே, "ஓம் பிள்ளை, எங்கட மகனும் சோதினைக்கு இப்பிடி ஏதோ ஒண்டு போட்டு வைச்சிருந்தவன்" என்று சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்திலும் ஒரு முறை சொன்னார். பொய்தான் என்று எனக்குத் தெரியும். அவருடைய மகனுக்கு நாலு வயது.

"சரி, அதை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. மகள்தான் மவுஸைப் பிடித்து நிறுத்தப் போனாள். ஒரு சின்னப் பெட்டி திரையில் குதித்தது. சுவரிலும் அது பெரிதாகத் தெரிந்தது. நிறுத்துவதற்கு பாஸ்வேர்ட் கேட்டது.

அவளுக்கு அது தெரியாது. தெரிய வழியே இல்லை. தன்னுடையது என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள், எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மவுஸை விட்டாள். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து ஒரு கடி கடித்தாள். பிறகு கையை விரித்துக் காட்டி, "கையெல்லாம் எண்ணெய் அப்பா, நீங்க போட்டுடுங்க" என்றாள்.

அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு சமயோசிதம் வந்திருக்காது. இந்த வயதிலும் வரவில்லை. குனிந்து டைப் செய்தேன். திரையில் எழுத்துத் தெரியாது, புள்ளிதான் விழும். ஆனால் அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர்தான் பாஸ்வேர்ட்.

புரோகிராம் நின்றது. சுவரில் இரண்டு கோடுகளும் சரசரவென்று இறங்கின. படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிப் போனது, தண்ணீர் தண்ணீராக ஓடியது, மழை கூட ஒழுங்காகப் பெய்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நிறுத்துவதற்கு முன்னால் திணறிய திணறலுக்காக அவளுக்கே சாக்லேட் பெட்டி. வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னாள். என்னைத் தவிர எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். நான் மிச்ச மெஷின்களைச் சோதித்தேன். எந்த மெஷின் என்ன ஆனது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கூனிக் குறுகி நின்றேன் என்று எழுதினால் அது சாதாரண வார்த்தை. அந்த அறையில் ஒரு பிள்ளை அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியது, அவளுடைய மானத்தை நான் வாரா வாரம் மெயிலில் வாங்கியதற்குப் பிறகு.

காரில் ஏறினோம். மோட்டார்வேக்கு வந்தோம். சாக்லேட் பெட்டி அவள் மடியில் இருந்தது, லேப்டாப் பை காலடியில். வெள்ளிக்கிழமை நெரிசல், வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவைப் போடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி ஒரு கோழைத்தனம்.

"எப்ப போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு வேலை இல்லாதப்ப."

"என்ன பார்த்தீங்க?"

ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் அன்றைக்கு எனக்காக ஒரு பொய் சொல்லியிருந்தாள். அவளிடம் இன்னொன்று சொல்ல என்னால் முடியவில்லை. "கொஞ்ச நாள்தான் கண்ணு பார்த்தேன். பாடம், பாட்டு. அப்புறம் எனக்காக நீ தேடினது. வேலை கிடைக்குமா, திருப்பி அனுப்பிடுவாங்களான்னு. அதுக்கப்புறம் பார்க்கலை. தப்பு. முதல்ல போட்டதே தப்பு."

அவள் முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த விளம்பரமும் பார்த்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

"அதுலேருந்துதான் அப்ளை பண்ணீங்களா?"

"ஆமா கண்ணு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய வழி இருந்திருக்கும். சாக்லேட் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா அப்பா? அதை உங்ககிட்ட எப்படிக் காட்டுறதுன்னு தெரியலை. டெஸ்டர் வேலைன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு பயந்தேன். தினமும் திறந்து திறந்து பார்த்துட்டு மூடிடுவேன். அப்புறம் ஒரு நாள் சாப்பிடறப்ப நீங்களே அதைச் சொன்னீங்க. நாம ரெண்டு பேரும் தனித்தனியா அதே விளம்பரத்தைக் கண்டுபிடிச்சிருக்கோம்னு நினைச்சேன். அப்பாவும் நானும் அவ்ளோ ஒரே மாதிரின்னு." ரிப்பனை இழுத்து இறுக்கினாள். "நீங்களே தேடினதா இருக்கட்டும்னுதான் நானும் பார்த்தேன்னு சொல்லவே இல்லை. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன்."

அந்தக் கைதட்டல் எதற்கென்று இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. அவள் சந்தோஷப்பட்டது வேலைக்காக இல்லை. அந்த ஒரே மாதிரிக்காக. அதை நான் திருடி வைத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டிகள் நகர ஆரம்பித்தன. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

"எடுத்துடறேன். இன்னிக்கே எடுத்துடறேன். புது லேப்டாப்பும் வாங்கலாம்."

"புதுசு வேண்டாம்" என்றாள். "இது இப்ப நல்லாத்தானே ஓடுது."

வீட்டு வாசலில் மனைவி கதவைத் திறந்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "என்ன, யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள். காலையிலிருந்து அந்தப் பந்தயம்தான் அவளுக்கும் பேச்சு.

மகள் ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். "அப்பாதான்" என்றாள். "அவர் சொன்னதுதான் சரி. டேப்தான்." சாக்லேட் பெட்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்ககிட்ட போயி கம்ப்யூட்டர்ல பந்தயம் கட்டறா பாருங்க." அவள் சிரிப்பில் என்னைப் பற்றிய பெருமை அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அதை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. மகளே சொல்லியாயிற்று. யாரும் இனிமேல் கேட்கப் போவதில்லை.

"டேப் இல்லை" என்றேன். ஷூவைக்கூட இன்னும் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.